ஜீப்பின் மூக்கை நிமிர்த்திய ஆண்டாள்

ஒரு கைப்பிடிக் களிமண்ணை வைத்துக்கொண்டு ஒரு ராணுவ ஜீப்பையே தூக்கி நிறுத்தியவள் என் நாத்தனார் ஆண்டாள். அன்றைக்கு மணிமுத்தாற்றின் இரண்டு கரையிலும் சனம் கூடி நின்று கைதட்டியது. கோயில் மணி தானாக ஒருமுறை அடித்தது.

சரி, மணி அடிக்கவில்லை. கைதட்டியவர்களும் நாலைந்து பேர்தான். அதிலும் பாதிப் பேர் கொசு அடித்தவர்கள். தூக்கி நிறுத்தினாள் என்பதும் கொஞ்சம் கூடுதல். வண்டியைத் தூக்கியது அவள் வீட்டுக்காரர் விருத்தகிரி. தூக்கியதால் வந்த வில்லங்கத்தைத்தான் ஆண்டாள் தீர்த்தாள். ஆனால் அந்தக் களிமண் மட்டும் சத்தியமாக நிஜம்.

ஆண்டாள் என் வீட்டுக்காரருக்குத் தங்கை. ஆள் குள்ளம், குரல் மட்டும் ஜங்ஷன் வரைக்கும் கேட்கும். அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊரில் பீங்கான் வேலை பரவியபோது, தாவணி போட்ட வயதில் கூலிக்கு மண் பிசையப் போனாள். பிசைகிற இடத்தில் சும்மா இருப்பாளா? பொம்மைக்கு மூக்கு வைக்கப் பழகினாள், கோப்பைக்குக் காது ஒட்டப் பழகினாள், பிளாஸ்டரில் அச்சு எடுப்பதையும் பார்த்துப் பார்த்தே பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் அச்சு வேலைக்கு அவளைத்தான் தேடி வந்தார்கள்.

அந்த வேலை அவள் கைக்கு ஒரு குணத்தைக் கொடுத்துவிட்டது. பச்சை மண் காயும்போது ஒரு சுற்று சுருங்கும், சூளையில் வேகும்போது இன்னொரு சுற்று சுருங்கும். ஆகையால் எதைச் செய்தாலும் வேண்டியதைவிடக் கொஞ்சம் பெரிதாகவே செய்வாள். அவள் தைத்துக் கொடுத்த ரவிக்கைக்குள் நானும் என் ஓரகத்தியும் சேர்ந்து நுழையலாம். கேட்டால், "தண்ணியில நனைஞ்சா சரியாயிடும் அண்ணி" என்பாள்.

எழுபத்தொன்றில் சொந்தக் கொட்டகை போட்டாள். பெண்ணாடம் சாலையிலிருந்து பிரிகிற வண்டிப்பாதையில், ஓடைக்கு அந்தப் பக்கம், விருத்தகிரியின் பூர்வீகக் கொல்லையில். டீக்கடைக்கும் ஓட்டலுக்கும் கோப்பை செய்கிற கொட்டகை. இத்தனை காலம் யார் யாரிடமோ கூலிக்கு நின்றவள், இப்போது நாலு பெண்களுக்கு வேலை சொல்கிறாள். ஆனால் சொந்தச் சூளை கிடையாது. டவுனில் சாமிதுரை என்பவரின் வாடகைச் சூளையில் ஒரு தட்டு அவளுக்கென்று ஒதுக்கியிருந்தது. சூளை ஏற்றுகிற நாளில் பச்சைக் கோப்பைகளை உடையாமல் கொண்டுபோய் அந்தத் தட்டில் அடுக்கிவிட வேண்டும். அந்தத் தட்டை நம்பித்தான் கொட்டகை.

பாதைதான் எதிரி. கரிசல் மண். கரும்பு வண்டிகள் போய்ப் போய் இரண்டு பக்கமும் முழங்கால் ஆழம் தடம் விழுந்து, நடுவில் மண் மேடாக எழும்பியிருக்கும். மாட்டு வண்டியில் ஏற்றினால் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதே கோப்பை பாதி சரிந்துவிடும். விருத்தகிரி ராணுவத்தில் டிரைவராக இருந்துவிட்டு வந்தவர். எனக்குத் தம்பி முறை. ஏலத்தில் வந்த ஒரு பழைய ராணுவ ஜீப்பைப் பிடித்துக்கொண்டு வந்து, இனி உன் கோப்பைக்கு ராஜ வாகனம் என்றார். ராஜ வாகனம் நடு மேட்டில் வயிற்றைக் கொடுத்துக்கொண்டு ஆமை மாதிரி உட்கார்ந்துவிட்டது. நாலு சக்கரமும் அந்தரத்தில் சுற்றுகின்றன, வண்டி நகரவில்லை. ஆடு மேய்த்த பிள்ளைகள் அதற்குப் புல் பிடுங்கிப் போட்டார்கள்.

தம்பிக்கு ரோசம் வந்துவிட்டது. அந்த ஜீப்பில் ஸ்பிரிங் பட்டையின் மேலே ஆக்ஸில், சக்கரங்களைத் தாங்குகிற இருசு, உட்கார்ந்திருக்கும். அதை மாற்றி, ஆக்ஸிலைப் பட்டைக்குக் கீழே கொண்டுவந்தால் வண்டி அரை அடி எழும்பும். பெண்ணாடம் சாலையில் லேத்து பட்டறை வைத்திருந்த தங்கராசுவைக் கூட்டிக்கொண்டு வந்து, ஆக்ஸிலின் முதுகில் பட்டை உட்காருவதற்குப் புதிதாகத் தட்டுகள் வெல்டு வைத்தார். வண்டி எழும்பியது பாருங்கள்! நான் நிமிர்ந்து பார்த்தபோது டிரைவர் சீட்டு தென்னங்குலைக்குப் பக்கத்தில் இருந்தது. ஏறுவதற்கு ஆண்டாள் முக்காலி போட வேண்டியிருந்தது. ஓடை மேடா, வரப்பா, எல்லாவற்றையும் ஜீப்பு காலை அகட்டித் தாண்டியது. ஒட்டகம் வருது ஒட்டகம் வருது என்று ஊரே சிரித்தது. விருத்தகிரி மீசையைத் தடவிக்கொண்டே ஓட்டினார்.

முதல் பாரம் ஏற்றிப் போனார்கள். மேட்டில் முட்டவில்லை, பள்ளத்தில் சரியவில்லை. சூளை வாசலில் கூடையைத் திறந்தால், கோப்பைகள் எல்லாம் முழுசாக இருக்கின்றன, காதுகளை மட்டும் காணோம். ஒட்டிய காதெல்லாம் கழன்று வைக்கோலுக்குள் கிடக்கின்றன. இரண்டாம் தடவை வைக்கோலை இரண்டு மடங்காக்கி, மெதுவாக ஓட்டிப் போனார்கள். மறுபடியும் அதே கதி. மெதுவாகப் போனால் வண்டி உதறியது; வேகம் பிடித்தால் வண்டித் தரைக்கடியில் தேனீக் கூடு கலைந்த மாதிரி ரீங்காரம் கிளம்பி இருக்கை வழியாகப் பல்லுக்கு ஏறியது. பாதையின் குலுக்கலை வைக்கோல் தாங்கும். இந்த ரீங்காரத்தை எது தாங்கும்?

சாமிதுரை கெட்ட மனிதர் அல்ல. ஆனால் இரண்டு முறையும் ஒரு தட்டு காலியாக வெந்திருக்கிறது, விறகு விறகுதானே. அடுத்த ஏற்றத்துக்கும் இப்படியே வந்தால் தட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று தன்மையாகவே சொல்லி அனுப்பினார். தட்டு போனால் கொட்டகை போகும். ஆண்டாள் மறுபடியும் யாரோ ஒருத்தர் கொட்டகையில் கூலிக்கு நிற்க வேண்டும். அன்றைக்கு அவள் குரல் எங்கள் தெருமுனைக்குக் கூடக் கேட்கவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. நான் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கொல்லைக்குப் போனேன்.

போனால், ஜீப்புக்கு அடியில் நாலு கால் தெரிகிறது. இரண்டு விருத்தகிரியுடையவை, மற்றவை மெட்டி போட்டவை. புருசனும் பொண்டாட்டியும் மல்லாந்து படுத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். நானும் குனிந்து தலையை நுழைத்தேன்.

கியர்பெட்டியிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற ஒரு தண்டு இருக்கிறது, ஷாஃப்ட்டு என்பார்கள். அதன் இரண்டு முனையிலும் நம் மணிக்கட்டு மாதிரி மடங்குகிற மூட்டு உண்டு. இரண்டு மூட்டும் ஒரே அளவு மடங்கினால் ஒன்றின் உதறலை இன்னொன்று விழுங்கிவிடும். ஒன்று கூடவும் ஒன்று குறையவும் மடங்கினால் உதறல் வண்டிக்குள் வந்து குடியேறும். வண்டியைத் தூக்கிய பிறகு ஷாஃப்ட்டு செங்குத்தாக இறங்கியது போதாதென்று, கியர்பெட்டியின் முகம் ஒரு திசையைப் பார்க்கிறது, ஷாஃப்ட்டு வந்து சேருகிற ஆக்ஸிலின் மூக்கு தரையைப் பார்த்துத் தொங்குகிறது.

"ராணுவத்துல இதெல்லாம் சொல்லித் தரலியா?" என்று ஆண்டாள் கேட்டாள்.

"தந்தாங்க. வெல்டு வைக்கறப்ப கண்ணால பார்த்து வெச்சேன். வண்டி சரிவுல நின்னிருக்குது, கவனிக்கல."

"கண்ணால பார்த்து என்னைக் கட்டினீங்க, அதே மாதிரியா?"

விருத்தகிரியின் கையிலிருந்து ஒரு ஸ்பேனர் கீழே விழுந்தது.

வெல்டைப் பிரித்து மறுபடி வைக்க நேரமில்லை; மறுநாள் சாயங்காலம் சூளை ஏற்றம். விருத்தகிரி ஒரு வழி சொன்னார். பட்டைக்கும் தட்டுக்கும் நடுவே இரும்பு ஆப்பு கொடுத்தால், தடித்த பக்கம் பின்னால் இருக்கிற மாதிரி வைத்தால், ஆக்ஸில் உருண்டு மூக்கு நிமிரும். சரி, எவ்வளவு தடிமன்? அதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து, போல்ட்டுகளைத் தளர்த்தி, மூக்குக்கடியில் ஜாக்கியை வைத்து ஏற்றினார். நான் கொத்தனார் தூக்குக்குண்டைக் கியர்பெட்டி முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன், ஆண்டாள் இன்னொன்றை ஆக்ஸில் மூக்கருகே பிடித்தாள். முகமும் மூக்கும் நூலிலிருந்து ஒரே அளவு சாய்கிற வரைக்கும் ஜாக்கி ஏறியது. வந்ததும் நான் கத்தின கத்தில் கொல்லையிலிருந்த மயில் இரண்டு மாவட்டம் தாண்டிப் போய்விட்டது.

இப்போது பட்டைக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு சரிந்த சந்து திறந்திருக்கிறது. விருத்தகிரி அதற்குள் ஸ்கேலை நுழைத்தார், தீப்பெட்டியை நுழைத்தார், என் கொண்டை ஊசியைக் கூட வாங்கி நுழைத்தார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கணக்குச் சொன்னது. ஆண்டாள் எழுந்து போனாள். ஒரு உருண்டைப் பச்சை மண்ணோடு வந்தாள். சந்துக்குள் அப்பி, கட்டை விரலால் அழுத்தி, ஓரத்தைக் கம்பியால் அறுத்து, ஒரு துணுக்குக் கூடப் பிசகாமல் உருவி எடுத்தாள். உள்ளங்கையில் ஆப்பு உட்கார்ந்திருந்தது. தங்கராசுவிடம் ஓடினோம். அவர் அதைப் பார்த்து இரும்பில் இரண்டு ஆப்பு சீவிக் கொடுத்தார். விடிந்ததும் மாட்டி முடுக்கினார்கள்.

பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம். என் மடியில் ஒரு பீங்கான் தட்டு, அதில் நிறைய மண்குழம்பு. வண்டி நடுங்கினால் குழம்பில் அலை தெரியும் என்பது ஆண்டாளின் யோசனை. வேகம் ஏறும்போது அலை இல்லை. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. விருத்தகிரி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். அவ்வளவுதான், தேனீ மறுபடி கிளம்பிற்று. குழம்பு துள்ளி என் புடவை முழுக்க. பள்ளிக்கூடத்துக்குக் கட்டுகிற நல்ல புடவை.

தங்கராசு தப்பாகச் சீவிவிட்டார் என்று விருத்தகிரி நேராகப் பட்டறைக்கே ஓட்டினார். இறங்கி என்னென்னமோ பேசினார். தங்கராசு ஜன்னலில் வைத்திருந்த மண் ஆப்பை எடுத்து வந்தார். ராத்திரியில் காய்ந்து இளைத்திருந்தது. பக்கத்தில் நேற்றுப் பச்சையாக இருந்தபோது அவர் பலகையில் இழுத்து வைத்திருந்த கோடு. இரும்பு அந்தக் கோட்டுக்கு இம்மி பிசகவில்லை.

ஆண்டாள் மண் ஆப்பை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். தடித்த முனையில் மேலாகப் பத்துப் போட்ட மாதிரி ஒரு மண் பூச்சு அப்பியிருந்தது. தன் விரல் ரேகையை அவளுக்குத் தெரியாதா?

"நேத்து இங்க வர வழியில நான்தான் ஒரு அப்பு சேர்த்து அப்பிட்டேன்," என்றாள். "சுருங்குமேன்னு."

தங்கராசு மெல்லக் கேட்டார்: "இரும்பு சுருங்குமாம்மா?"

அவள் சிரித்தாள் பாருங்கள், ஜங்ஷனில் நின்ற ரயில் கார்டு ஊதிய விசில் என்று நினைத்துக் கிளம்பியிருக்கும். மூக்கு தேவைக்கு மேல் நிமிர்ந்து வானத்தைப் பார்த்துவிட்டது, வேறொன்றுமில்லை. சேர்த்து அப்பியது எவ்வளவு என்று அவள் கைக்குத் தெரியும். பலகையிலிருந்த கோட்டுக்கு உள்ளே நகத்தால் கீறிக் காட்டினாள். தங்கராசு அந்தக் கீறல் வரைக்கும் இரும்பைச் சீவினார். பட்டறை வாசலிலேயே மறுபடி மாட்டினார்கள். தூக்குக்குண்டு பிடித்தேன். நூலுக்குப் பக்கத்தில் முகமும் மூக்கும் அக்கா தங்கை மாதிரி ஒரே சாய்வில் நின்றன.

மறுபடி தட்டில் குழம்பு. வேகம் ஏறியபோது அலை இல்லை. காலை எடுத்தார், அலை இல்லை. கொல்லைக்குத் திரும்பி, பெண்கள் வரிசையாக நின்று கூடைகளைக் கொடுக்க, வைக்கோல் திணித்து ஏற்றினோம். பொழுது சாயத் தொடங்கிவிட்டது. பின்னால் கூடைகளுக்கு நடுவே ஆண்டாள், ஒவ்வொரு கூடையின் மேலும் ஒரு கை வைக்க அவளுக்குக் கை போதவில்லை, காலையும் வைத்துக்கொண்டாள். ஓடை மேட்டை ஜீப்பு காலை அகட்டித் தாண்டியது. மெட்டல் ரோடு ஏறியதும் விருத்தகிரி வேகம் பிடித்தார். நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறேன்: இஞ்சின் சத்தம், காற்று, ஆண்டாள் முனகிக்கொண்டே வருகிற சாமி பேர்கள். தேனீ இல்லை. வேகத்தைக் கூட்டச் சொன்னேன். வேண்டாம்டா சாமி என்று ஆண்டாள் கத்தினாள். அவர் இரண்டு பேர் சொன்னதையும் கேட்காமல் நடுத்தரமாக ஓட்டினார்.

சூளை வாசலில் சாமிதுரை நின்றுகொண்டிருந்தார். கூடையைத் திறந்தோம். காதுகள் எல்லாம் அதது அதன் கோப்பையில்! சாமிதுரை கையெடுத்துக் கும்பிட்டார். இந்தச் சூளை எரிகிற வரைக்கும் அந்தத் தட்டு உன் பேருக்குத்தான் ஆண்டாள் என்று தழுதழுத்த குரலில் சொன்னார். வேலைக்காரர்கள் எல்லாம் ஒருசேரக் குரல் கொடுத்தார்கள். சூளை வாயில் நெருப்பு ஒரு பனை உயரம் எழும்பி ஆடியது.

இதுவரைக்கும் எழுதியதை உரக்கப் படித்துக் காட்டினேன். எதிரே உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்த ஆண்டாள், கையை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

"ஏத்தி முடிக்காத சூளையில எங்கண்ணி நெருப்பு? அவரு ஒண்ணும் கும்பிடல, ஒண்ணும் சொல்லவும் இல்ல. நாம வர மாட்டோம்னு என் தட்டுல வேற யாரு ஜாடியோ அடுக்கியிருந்தாரு. பச்சைக் கோப்பையக் காதப் புடிச்சுத் தூக்கக் கூடாது, அவரு தூக்கினாரு. வுழல. கொஞ்ச நேரம் அப்படியே புடிச்சுக்கிட்டு நின்னாரு. அப்புறம் உள்ள போயி, அந்த ஜாடிய ஒண்ணொண்ணா எடுத்துக் கீழ வெச்சாரு. அத எழுதுங்க."