தழும்புக் கடிதங்கள்

பாறையில் உரசித் தோல் கிழிந்த முழங்காலில் உப்புநீர் படும்போது முதலில் ஒரு குளிர், அதன் பின்னரே எரிவு. அந்த எரிவு கண்ணில் நீரை வரவழைத்துக் காதுமடல்வரை ஏறி, நூறு எண்ணும் பொழுதில் அடங்கும். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் அதனை "மாஸ்டற்ற சீல்", மாஸ்டரின் முத்திரை, என்றார்கள். மாஸ்டர் என்பது என் அப்பா. அரசாங்கத் திணைக்களமொன்றில் படவரைஞராக இருந்த அவர், சனி, ஞாயிறு காலைகளில், ரயில் பாதைக்கு அப்பால் கற்பாறைகள் அலையை மறித்துக் குளம்போல் ஆக்கியிருந்த கடலிடத்தில் அயற்பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கினார். ஒழுங்கைப் பையன் ஒருவனைக் கடல் கொண்டுபோன மறுவாரம் தொடங்கிய பணி அது. கூலி வாங்கியதில்லை, காய்ச்சலென்று ஒருநாள் நின்றதுமில்லை. நானும் ஆறு வயதில் அங்கேதான் பழகினேன்.

முதல் மாதம் முழுவதும் கைவீசவோ காலடிக்கவோ விடமாட்டார். மல்லாந்து மிதத்தல் ஒன்றே பாடம். பிள்ளை நீர்மேற் கிடக்க, அப்பா இடுப்பளவு நீரில் நின்று பதிகத்தில் ஒரு பாட்டைப் பண் பிசகாமற் பாடுவார். நான்கு அடியும் முடியும்வரை கிடக்கவேண்டும். கைக்கடிகாரத்தைக் கடலில் இறக்க மனமில்லாதவர் கண்ட அளவை அது. முஸ்லிம் கடைக்காரரின் மகன்மாரும், ரயில்வே குவாட்டர்சிலிருந்த ரொஷான் என்ற சிங்களப் பையனும்கூடப் பாட்டின் கடைசி அடி எங்கே தொடங்கும் என்பதை எங்களிலும் நன்றாக அறிந்திருந்தார்கள். "தண்ணியோட சண்டை பிடியாதை. அது ஏந்தும், நீ உன்னை விடு" என்பது அப்பாவின் வாக்கு. பிறவியைக் கடலென்று பாடிய அடியார்களின் சொல்லை நாள்தோறும் ஓதிய வாய் அது. நான் அதை நீச்சலுக்கு மாத்திரம் உரிய பேச்சென்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

யுத்தம் தொடங்கிச் சில ஆண்டுகள் சென்றபின், வீதிகளில் தமிழ் இளைஞரை மறித்துக் காற்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டச் சொல்லும் வழக்கம் வந்தது. முழங்காலிலும் முழங்கையிலும் தழும்பிருந்தால், ஊர்ந்து ஆயுதப் பயிற்சி எடுத்தவன் என்ற சந்தேகம். எங்கள் பாறைகளில் நீச்சல் பழகிய எவனுக்கும் அவ்விரண்டிடத்திலும் தழும்பில்லாமல் இருக்குமா? தாய்மார் ஒவ்வொருவராகப் பிள்ளைகளை நிறுத்தினார்கள். ஒருத்தி படலையில் நின்று சொன்னது நினைவிருக்கிறது: "மாஸ்டர், தண்ணியில தாண்டால் நீங்கள் தூக்குவியள். றோட்டில பிடிச்சுக்கொண்டு போனால் ஆர் தூக்கிறது?"

அதன் மூன்றாம் நாள் அப்பா படவரைஞரின் அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போனார். ஒவ்வொரு பையனின் தழும்பையும் அளந்து, எந்தக் கால், எத்தனை அங்குலம், எந்த மாதத்தில் கடற்கல்லில் அடிபட்டது என்று ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் எழுதித் தம் பதவியைக் குறித்துக் கையொப்பமிட்டுக் கொடுத்தார். உத்தியோகத்துக்காகச் சிங்களச் சோதனை எழுதித் தேறியவர். அந்தக் கல்வி வேறெதற்கும் இவ்வளவு பயன்பட்டதில்லை. கால் அங்குலத்தைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ மாட்டார். சந்தியில் முதன்முதல் மறிக்கப்பட்ட பையனிடம், கடிதத்தையும் முழங்காலையும் மாறிமாறிப் பார்த்த சிப்பாய், சிரித்துவிட்டுப் போகச்சொன்னானாம். அதன்பின் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். அடையாள அட்டையோடு அக்கடிதத்தையும் சட்டைப்பையில் வைத்திருப்பது எங்கள் ஒழுங்கையின் ஒழுக்கமாயிற்று. மொத்தம் இருபத்து மூன்று கடிதங்கள்.

அக்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து சரசக்கா என்ற பெண், பதினெட்டு வயது மகன் நேசனோடு வந்து எங்கள் பின்வீட்டில் ஓர் அறை எடுத்தார். மகனை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கான காத்திருப்பு. வீட்டுச் சுவர் ஷெல்லடியில் இடிந்து விழுந்தபோது நேசனின் இடது முழங்கால் பிளந்து, கறுத்துத் தடித்த தழும்பாக ஆறியிருந்தது.

"அண்ணை, இவனுக்கும் ஒரு துண்டு எழுதித் தாங்கோ" என்றார் சரசக்கா.

"இது கடல்ல வந்த காயமில்லையே, தங்கச்சி."

"ஷெல்லால வந்ததெண்டு எழுதினால் விடுவாங்களே?"

"விடமாட்டாங்கள். அதுக்காக நான் பொய் எழுதேலாது. பிள்ளையைக் காலமை கடலுக்கு அனுப்பும். நான் பழக்கிறன்."

அவனுக்காக அப்பா நாள்தோறும் வேலைக்குப் போகுமுன் கடலுக்குப் போனார். நேசன் கிணற்றுநீரில் வளர்ந்தவன்; அலையைக் கண்டால் கண்ணை மூடுவான். ஒழுங்கைச் சிறுவர்கள் விடுவார்களா? "அண்ணை, இது பெரிய கிணறு, வாளி காணாது!" என்று கத்துவார்கள். அவனும் சிரித்து, "கயிறு இருக்கோடா?" என்பான். ஒன்பது காலைகளில் அவன் மூன்றாம் அடிவரை மிதக்கக் கற்றான். நான்காம் அடியில் இடுப்பு தாழ்ந்துவிடும்.

பத்தாம் நாள், அடுத்த ஒழுங்கையிலிருந்த லொட்ஜைச் சுற்றிவளைத்து இளைஞர்களை ஏற்றிப்போனார்கள். அன்று மாலை சுவாமிப்படத்தின் முன் பாட உட்கார்ந்த அப்பா முதற்பாட்டோடு நின்றுவிட்டார். என் அறிவில் அவர் பதிகத்தைக் குறையாக விட்டது அன்றுதான். நேசனை அழைத்தார், அளந்தார், "ஒண்டே முக்கால்" என்றார், நான் குறித்துக்கொடுத்தேன். அக்கடிதத்தில் கால் உண்மை, அளவு உண்மை, அவன் தம்மிடம் நீச்சல் பழகுகிறான் என்பதும் உண்மை. கடற்கல்லில் அடிபட்டது என்ற ஒரு வரியே பொய். அதை எழுதி முடித்தபின் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

அடுத்த சனிக்கிழமை பாடம் நடந்துகொண்டிருக்கையில் ரயில் பாதைக்கு அப்பால் ஜீப்பொன்று நின்றது. ஒரு பொலிஸ் அதிகாரி, இரண்டு பொலிஸ்காரர், அவர்களுக்கு நடுவே நேசன். முதல்நாட் பின்னேரம் சந்தியிற் பிடித்து வைத்திருந்தார்களாம். சரசக்கா பின்னால் வெறுங்காலோடு ஓடிவந்தார்.

"மாஸ்டர், இது உங்கள் கையெழுத்தா?" அதிகாரி சிங்களத்திற் கேட்டார்.

"ஓம்."

"பீனன்ன புளுவன்த?" நீந்தத் தெரியுமா என்ற அக்கேள்வி நேசனுக்கு. பதிலுக்குக் காத்திராமல் கடலைக் காட்டினார். அப்பா கூட இறங்கப் போனபோது, "நீங்கள் கரையில் நில்லுங்கள்" என்று தடுத்தார்.

நேசன் மார்பளவு நீர்வரை நடந்தான், திரும்பி எங்களைப் பார்த்தான், மல்லாந்தான். கரையில் நின்று அப்பா பாடத் தொடங்கினார். இருபது பிள்ளைகள் மூச்சுவிடாமல் நின்றோம். மூன்றாம் அடி போயிற்று. நான்காம் அடியிலும் அவன் தாழவில்லை. பாட்டு முடிந்தபின்னும் அவன் எழவில்லை. எழுந்தால் என்ன நடக்கும் என்று அறிந்திருந்தான் போலும். அப்பா அடுத்த பாட்டை எடுத்தார். அதில் அவர் பண் இடறியது.

அதிகாரி சிரித்தார். "செத்த மீன் மாதிரிக் கிடக்கிறான். இதுவா மாஸ்டர் உங்கள் நீச்சல்?"

ரொஷான் முன்னால் வந்து, "சேர், முதல் மாதம் எங்களுக்கும் இதுதான். கையை அசைச்சால் மாஸ்டர் ஏசுவார்" என்றான்.

அதிகாரி என்னிடம் குனிந்தார். "துவ," மகளே, என்றார், நல்ல குரல். "இந்த அண்ணா எந்தக் கல்லில் அடிபட்டார்? காட்டு."

எனக்குப் பதினொரு வயது. பொய் சொன்னால் வாய்க்குப் பாட்டு வராது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள். அப்பாவைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்க்காமல் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையை நீட்டி, இடப்பக்கத்துப் பாசிபடிந்த பெருங்கல்லைக் காட்டினேன்.

அதிகாரி கடிதத்தை மடித்து, நீரிலிருந்து வந்த நேசனின் நனைந்த கையில் வைத்தார். "எத்தனை பேரிடம் இப்படிக் கடிதம் இருக்கிறது மாஸ்டர்? அடுத்த மாதம் எல்லாரையும் ஒருக்கால் பார்க்கவேண்டும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

வீடு திரும்பும் வழியில் அப்பா என்னை ஏசவுமில்லை, தட்டிக்கொடுக்கவுமில்லை. அன்று பிற்பகல் மீண்டும் வீடுவீடாகப் போய் அத்தனை கடிதங்களையும் திருப்பி வாங்கினார். அம்மா தடுத்தபோது அவர் சொன்னது இது: "ஒண்டு பொய்யெண்டு பிடிபட்டால், மற்றப் பிள்ளையளின்ர காயமெல்லாம் பொய்யாப் போகும். என்ர பொய்யைச் சுமக்கிறதுக்கு ஒரு பிள்ளை போதும்."

அந்த ஒரு பிள்ளை நேசனென்று அம்மா நினைத்திருப்பார். நான் அப்படி நினைக்கவில்லை.

கடிதமில்லாமல் எந்தத் தாய் அனுப்புவாள்? அடுத்த வாரம் ஐவர் வந்தார்கள். அதற்கடுத்து ரொஷான் ஒருவன். பின்னர் அப்பா தனியாகப் போய், இடுப்பளவு நீரில் சற்று நின்றுவிட்டு, துவாயைத் தோளிற் போட்டுக்கொண்டு திரும்பிவந்தார். அத்தோடு நின்றது. நேசன் ஒரு மாதத்துள் புறப்பட்டு வெளிநாடு போய்ச் சேர்ந்ததாகச் சரசக்காவுக்கு ஒரு தபால் வந்தது. பிறகு அவரும் போய்விட்டார்.

அப்பா காலமாகிப் பல ஆண்டுகள். அந்த ரயில் பாதையை ஒட்டி இன்று அகன்ற தெரு ஓடுகிறது. கரைக்குக் கொட்டிய பாறாங்கற்களுக்குள் எங்கள் குளம் எதுவென்று எனக்கே தெரியவில்லை. மாலையில் உடலைக் குறைக்க நடப்பவர்கள் கடலைப் பாராமல் நடக்கிறார்கள். பிள்ளைகள் கட்டணம் கட்டிக் குளோரின் மணக்கும் தடாகங்களில், உரசாத ஓடுகளுக்கு நடுவே பழகுகிறார்கள். அவர்களுடைய முழங்காலை எவரும் பார்ப்பதில்லை. நல்லது, அப்படியே இருக்கட்டும். கோயிலிற் பதிகம் ஓதும் முறை எனக்கு வரும்போது, நான்காம் அடியில் மூச்சு வாங்குகிறது. வயது என்கிறார்கள்.

அன்று சேர்த்த கடிதங்களை அப்பா கிணற்றடியில் எரித்தார். இருபத்து மூன்றும் உண்மை. நேசனுடையதையும் கேட்டார், சரசக்கா அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "இதை மட்டும் கேளாதேங்கோ அண்ணை" என்றார், அப்பா மேலே வற்புறுத்தவில்லை. அது நேசனோடு கடல் கடந்திருக்கவேண்டும். அப்பாவின் அந்த முத்துமுத்தான கையெழுத்து இவ்வுலகில் எங்காவது எஞ்சியிருக்குமானால், அது அந்தக் கடிதத்தில் மாத்திரமே.