ஊசியக்கா திட்டாத நாட்கள்

ரேடியோவில் குண்டு என்ற சொல் வந்ததுமே ஊசியக்காவின் கால் மிதியிலிருந்து எழும்பிவிடும். தையல் மிஷின் பாதியில் நிற்கும். "பேரு சொல்லிட்டானா?" என்று என்னைக் கேட்பார். செய்தி வாசிப்பவர் அப்போது இறந்தவர்களின் கணக்கைச் சொல்லிக்கொண்டிருப்பார். அது அக்காவின் காதில் ஏறாது. செய்தவன் பேர் வர வேண்டும். வந்து, அது தங்கள் மதத்துப் பேராக இல்லாவிட்டால் கால் மறுபடி மிதியில் இறங்கும். கொஞ்ச தூரம் தையல் ஓடும். பிறகு தானாகவே நின்றுவிடும். "பாரு எம் புத்திய. செத்தது எத்தனை பேருன்னு இப்பதான் கேக்கத் தோணுது" என்பார்.

ஊசியக்கா என்பது தெரு வைத்த பேர். அவர் பேசுவதைக் கேட்டால் ஏன் வைத்தார்கள் என்று யாருக்கும் விளங்கிவிடும். உடுப்பு இறுக்குகிறது என்று வருபவரை மேலும் கீழும் பார்த்து, "துணி சுருங்கலம்மா, நீதான் விரிஞ்சிட்ட" என்பார். அளவு எடுக்கும்போது வயிற்றை எக்கிக்கொள்ளும் பெண்களிடம், "மூச்ச விடு. நாள் முழுக்க இப்படியே இழுத்துப் புடிச்சுக்கிட்டா இருக்கப் போற?" என்பார். வழுக்கும் துணியை வெட்டும்போது அதனோடும் சண்டை நடக்கும். "எங்கடி ஓடற, நில்லுடி." பக்கத்து மருந்துக் கடை அம்மா தைக்க ஒன்றும் இல்லாத நாளிலும் வந்து நிற்பார், திட்டு வாங்கிப் போக.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில், அச்சகத்துக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் ஓர் அறைதான் கடை. இரண்டு மிஷின், ஒரு வெட்டு மேசை, மூலையில் துணி கட்டி மறைத்த ஓர் ஆளுயரக் கண்ணாடி. காஜா எடுப்பது, பட்டன் வைப்பது, ஓரம் மடித்து அடிப்பது என் வேலை. பேசுவது முழுவதும் அக்காவின் வேலை.

போன வருடம் காலை நேரப் பேருந்து ஒன்றில் குண்டு வெடித்தது. எங்கள் கடைக் கண்ணாடி அதிர்ந்தது. சாயங்காலம் பேர் வந்தது. அன்றைக்கு அக்காவின் கால் மிதியில் இறங்கவே இல்லை.

மறுநாளிலிருந்து அவர் திட்டுவதை நிறுத்திவிட்டார். "வாங்கம்மா, உக்காருங்கம்மா" என்றார். அளவு நாடாவைக் கையில் எடுக்கும் முன்பே, "அவனுங்கள்லாம் மனுஷங்களே இல்லம்மா. எங்க சாமி இப்படியெல்லாம் சொல்லவே இல்ல" என்று ஆரம்பித்துவிடுவார். சிலர் தலையாட்டினார்கள். ஒரு டீச்சர் மட்டும், "நான் ஒண்ணுமே கேக்கலையேக்கா" என்றார். அக்கா அவருக்கும் இன்னொரு முறை சொன்னார்.

மருந்துக் கடை அம்மா என்னைத் தன் கடைக்குள் தனியே இழுத்துப் போய், "என்னடி, ஊசி இப்படிப் பவ்யமா பேசுது? உள்ள ஏதாச்சும் தெரிஞ்சு வெச்சிருக்கா?" என்று கேட்டார். இத்தனை வருடப் பழக்கம். திட்டியபோது வராத சந்தேகம் கும்பிட்டபோது வந்துவிட்டது. நான் அதை அக்காவிடம் சொல்லவில்லை. ஆனால் எங்கள் சுவர்கள் மெல்லியவை. அன்று மாலை அக்கா ஒரு சட்டைக்குக் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்து, பிரித்து, மறுபடியும் தலைகீழாகவே வைத்தார்.

அதைவிடப் பெரிய பிழை அச்சகக்காரர் விஷயத்தில் நடந்தது. எங்கள் தெருக் கடைக்காரர் சங்கத்துக்குத் தலைவர் அவர்தான். பேருந்தில் இறந்தவர்களுக்கு இரங்கல் கூட்டம் வைத்திருந்தார். அதற்குப் போட்டுக்கொள்ள ஒரு கால்சட்டை தைக்கச் சொன்னார். இடுப்பில் நாடாவைச் சுற்ற விடமாட்டார், கூச்சம். பழைய அளவு ஒன்றை மனப்பாடமாக ஒப்பிப்பார். எப்போதும் அக்கா, "அண்ணே, அது நீங்க மாப்பிள்ளையா இருந்தப்ப இருந்த இடுப்பு" என்று சொல்லிக்கொண்டே நாடாவைச் சுற்றிவிடுவார். இந்த முறை "சரிங்கண்ணே" என்றார். அந்த அளவுக்கே வெட்டினார். "அக்கா, பத்தாதேக்கா" என்றேன். "அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்."

கூட்டத்தன்று காலையில் அவர் வந்து மூலைக்குப் போய்ப் போட்டுப் பார்த்தார். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். பட்டனுக்கும் காஜாவுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை.

"ஏம்மா, இத்தனை வருஷத்துல ஒரு தடவையாச்சும் நான் சொன்ன அளவ நம்பியிருக்கியா? இப்ப மட்டும் ஏன் நம்பின?"

"இப்ப நாங்க யாரையும் எதுத்துப் பேசற நெலமையிலயாண்ணே இருக்கோம்?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. மழையில் எங்கள் கூரை ஒழுகியபோது துணி மூட்டைகளையெல்லாம் அச்சகத்தில் அடுக்க இடம் கொடுத்தவர்.

"நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். சாயந்தரம் மேடையேறி ரெண்டு வார்த்தை பேசிடு. உங்க ஆளுங்க சார்பா ஒரு மன்னிப்பு. அதோட முடிஞ்சுது. அப்புறம் யாரும் உன்ன ஒரு மாதிரி பாக்க மாட்டாங்க."

"எங்க ஆளுங்கன்னா யாருண்ணே?" அக்காவின் குரலில் பழைய கூர்மை லேசாக எட்டிப் பார்த்தது. "வீட்டுல ஒருத்தரு இருக்காரு. ஈரத் துண்ட கட்டில்ல போடாதீங்கன்னு கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து சொல்றேன். அவரே கேக்கல. மூஞ்சி தெரியாத ஒருத்தன் எங்கிட்ட கேட்டுட்டா குண்டு வெப்பான்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிற நேரமா என்று அடக்கினார். அடக்கியதில் பின்தையல் பிரிந்தது.

"பாத்தீங்களா, உங்க இடுப்பே உண்மைய ஒத்துக்கிச்சு. கழட்டிக் குடுங்க. கூட்டத்துக்குள்ள சரி பண்ணித் தரேன். நானும் வரேன். மன்னிப்பெல்லாம் எனக்கு வராது."

சாயங்காலம் கூட்டத்தில் மேசை மேல் இறந்தவர்களின் படங்களை வைத்திருந்தார்கள், அந்தப் பேருந்தின் கண்டக்டர் படமும் சேர்த்து. அக்காவைக் கூப்பிட்டபோது கூட்டம் திரும்பிப் பார்த்தது. ஒலிவாங்கியை வாய்க்கு மிக அருகில் பிடித்ததால் அது கிறீச்சிட்டது. தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"கண்டக்டர் தம்பி எங்கிட்டதான் சட்டை தெச்சுக்குவாரு. பை மாட்டி மாட்டி இடது தோள் எறங்கிப் போயிருக்கும். நான் உள்ள கொஞ்சம் துணி மடிச்சு வெச்சுத் தூக்கி விடுவேன். உங்க சட்டையிலதான்க்கா நான் நேரா நிக்கறேன்னு சொல்வாரு."

அதோடு இறங்கிவிட்டார். "மன்னிப்பு கேக்கவே இல்லையே" என்று எனக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள். கண்டக்டரின் மனைவி அக்காவைப் பார்க்கவும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. மடியில் இருந்த குழந்தையின் காலரை நீவி விட்டுக்கொண்டே இருந்தார்.

கடைக்குத் திரும்பியதும் அக்கா விளக்கைக்கூடப் போடவில்லை. வெட்டு மேசையில் சாய்ந்து நின்றார்.

"அவன் வெச்ச குண்டுக்கு நான் பொறுப்பில்ல. எவன் கேட்டாலும் இதத்தான் சொல்லுவேன். ஆனா ஒண்ணு இருக்குடி. குண்டு வெடிக்கறதுக்கு முன்னாடி எங்க பிரார்த்தனைக் கூடத்துக்கு வெளியூர்லேர்ந்து ஒருத்தர் பேச வந்தாரு. மத்த மதத்துக்காரன் செத்தா அழக்கூடாதுன்னாரு. பொம்பளைங்க பக்கம் அத்தனை பேரு உக்காந்திருந்தோம். ஒருத்தி புள்ளைக்கு மூக்கு சிந்தி விட்டா. ஒருத்தி தண்ணி குடுத்தா. நான் ஒரு காலர எப்படித் திருப்பறதுன்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன். காதுல விழாமலா இருந்துச்சு? விழுந்துச்சு. அதுக்கு நான் பதில் சொல்லணும்."

"யாருக்குக்கா?"

"தெரியல. அத மட்டும் யாரும் கேக்க மாட்டேங்கறாங்களே."

அக்காவின் சொந்தபந்தம் எல்லாம் அந்தப் பிரார்த்தனைக் கூடத்தில்தான். அவர் மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருப்பதும் அங்கே முன்வரிசையில் உட்காரும் ஒரு வீட்டில்தான். போன மாதம் கூடத்துக்குப் புதுத் திரை தைக்கச் சொன்னார்கள், ஆண்கள் பக்கத்தையும் பெண்கள் பக்கத்தையும் பிரிக்கிற நீளத் திரை. நான் வேறு மதம். ஆனால் வளையம் மாட்ட ஆள் வேண்டுமே என்று என்னையும் கூட்டிப் போனார். வேலை இழுத்துவிட்டது. கடைசி வளையங்களை நான் ஸ்டூலில் நின்று மாட்டிக்கொண்டிருக்கும்போதே பெண்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். திரைக்கு அந்தப் பக்கம் பேச்சு தொடங்கியது. எங்களுக்குச் சுவரில் இருந்த ஒலிபெருக்கிப் பெட்டியில் குரல் மட்டும் வந்தது.

குரலைக் கேட்டதும் அக்காவின் கை துணியில் அப்படியே நின்றது. அதே ஆள் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. மற்றவர்களோடு ஒட்டி உறவாடுவது விஷம் என்றார் பேசியவர். அவர்கள் வீட்டுச் சாவுக்கு விடும் கண்ணீர் நம் நம்பிக்கையையே கழுவிக்கொண்டு போய்விடும் என்றார். சில பெண்கள் ஸ்டூலில் நிற்கும் என்னைப் பார்த்தார்கள், உடனே தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு இறங்குவதா, நிற்பதா என்று தெரியவில்லை.

அக்கா எழுந்தார். சம்பந்தம் பேசுகிற வீட்டு அம்மா அவர் கையைப் பிடித்து, "உக்காருங்க சம்பந்தி, இப்ப முடிச்சிருவாரு" என்றார். அக்கா அந்தக் கையை மெதுவாக விலக்கினார். பிறகு திரையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். வளையங்கள் கம்பியில் கரகரவென்று ஓடின. ஆண்கள் எல்லோரும் திரும்பினார்கள். பெட்டியில் குரல் நின்றது.

"ஐயா, போன தடவையும் இதத்தான் சொன்னீங்க" என்றார் அக்கா, சத்தம் போடாமல். "போன தடவை நான் சும்மா உக்காந்திருந்துட்டேன்."

முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்தார். அக்காவைப் பார்க்காமலே திரையின் நடுவில் கை போட்டு மூடுவதற்கு இழுத்தார். அக்கா துணியின் ஓரத்தை முழங்கையில் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கிக்கொண்டு நின்றார்.