கடல் பின்னணியில் ஒரு பள்ளிக்கூட வான்

சித்தப்பாவின் முழங்கால் இனிக் கிளச்சை மிதிக்கமாட்டேன் என்றுவிட்டது. கொட்டாஞ்சேனையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய வானை, அடுத்த பள்ளித் தவணை தொடங்குமுன் விற்றாக வேண்டும். பிந்தினால் பிள்ளைகளை வேறு வான்காரர் பிடித்துக்கொள்வார்கள். பிள்ளைகள் இல்லாத பழைய வானை யார் வாங்குவார்? விளம்பரத்துக்குப் படம் எடுக்கும் வேலையை நானே பாய்ந்து வாங்கினேன். வாகனப் படம் எடுப்பது பற்றிப் போனில் அத்தனை வீடியோ பார்த்தவன் எங்கள் குடும்பத்தில் வேறு யார்?

வீட்டு வாசல் ஒழுங்கையில் எடுத்தால் கொடியில் காயும் உடுப்பெல்லாம் படத்துக்குள் வந்துவிடும் என்று சொல்லி, முழங்கால் நோவோடு சித்தப்பாவையே வானை வெள்ளவத்தைக் கடலோரத்துக்குக் கொண்டுபோக வைத்தேன். அந்தி வெயில், பின்னால் அலை. முன்சில்லைக் கொஞ்சம் திருப்பி நிறுத்தச் சொல்லிவிட்டு, வீதியோரத்தில் குப்புறப் படுத்து, கமராவைத் தரையோடு வைத்து, மூலைப்பக்கமாக எடுத்தேன். எனக்கு மயக்கமோ என்று கச்சான் கடலை விற்பவர் சித்தப்பாவிடம் விசாரித்தாராம்.

பாலர் வகுப்புக்கு ஆள் ஏற்றும் வான், படத்தில் காட்டுக்குள் பாயப்போகிற ஜீப் மாதிரி நின்றது. விளம்பரத்தைப் போனில் போட்டதும் நண்பர்கள் இதயம் இதயமாக அனுப்பினார்கள். ஒருவர் கல்யாணப் படப்பிடிப்புக்கு வாடகைக்குக் கேட்டார். வாங்கத்தான் ஒருவரும் வரவில்லை.

பள்ளிக்கூடம் திறக்க ஒரு கிழமை இருக்கும்போது வத்தளையிலிருந்து ஒருவர் அழைத்தார்.

"தம்பி, கடற்கரையிலயே வான் நிக்கிறது? உப்புக்காத்தில அடியெல்லாம் கறள் பிடிச்சிருக்குமே."

வான் கடலைப் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான் என்று விளக்கினேன். அப்படியென்றால் பின்பக்கத்தை ஏன் மறைத்தீர்கள், சீட்டுகளை ஏன் காட்டவில்லை என்றார். மறைக்கவில்லை, அது கோணம் என்றேன்.

"கோணத்தில பிள்ளைகளை இருத்தேலாது, தம்பி."

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த சித்தப்பா சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பினார். திரும்பியபோது முகத்தில் சிரிப்பு இல்லை. அன்றே ஒழுங்கையில், மனிதர் நிற்கிற மாதிரி நின்று, நாலு பக்கமும் சீட்டும் கதவடியும் எடுத்து அனுப்பினேன். எல்லாவற்றிலும் கொடியில் காய்ந்த யாருடையதோ சாரம் ஒன்று தொங்கியது. நாளைக்கு வருகிறேன் என்று பதில் வந்தது.

வந்தவரும் என்னைப் போலவே தரையில் படுத்தார். ஆனால் மல்லாந்து, கையில் டோர்ச்சோடு, வானுக்கு அடியில். சித்தப்பாவின் கை கதவுப்பிடியை விடவில்லை. நல்ல படமாக வரும் என்று என் கை போனைத் தேடியது. சித்தப்பா பார்த்த பார்வையில் அதைப் பையிலேயே விட்டேன்.

வத்தளைக்காரர் எழும்பி, முதுகில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"திங்கட்கிழமை முதல் பிள்ளையை எத்தினை மணிக்கு ஏத்த வேணும்?"