மலை ஓடையில் கேட்ட தறிச் சத்தம்

நகரியில் நானும் என் மனைவியும் பவர்லூம் ஓட்டுகிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்வேட்டிநகரம் பக்கம் ஒரு மலை ஏரிக்கு பைக்கில் போனோம். அங்கே நல்ல வெயில். ஏரிக்கு வரும் ஓடையில் முழங்கால் தண்ணீரில் நின்று, எதிர்க்கரையில் இருந்த ராஜா காலத்து மண்டபத்தை போனில் படம் எடுத்தேன்.

'ஹோ'வென்று ஒரு இரைச்சல் கேட்டது. தினமும் தறிச் சத்தத்திலேயே கிடக்கிற காது அதைச் சட்டை செய்யவில்லை. படத்துக்கு மனைவியையும் கூப்பிடலாம் என்று திரும்பினேன். கரையில் அவள் இரண்டு கையையும் குறுக்கே வீசிக்கொண்டிருந்தாள். இழை அறுந்தால் தறியை நிறுத்தச் சொல்லும் எங்கள் சைகை அது. அதைப் பார்த்தால் அவளிடம் ஓடுவதுதான் பழக்கம்; யோசிக்காமல் கரைக்கு ஓடினேன். எங்கோ மேல்மலையில் பெய்த மழை செம்மண் வெள்ளமாக வந்து, நான் நின்ற இடத்தை மூடியது.

"இன்னாய்யா, எவ்ளோ கத்தனேன்! படம் புடிச்சிக்கினே போய்ச் சேர்ந்திருப்பியே!" என்று அழுதாள்.

படம் நன்றாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் இப்போதெல்லாம் தண்ணீரில் இறங்கினால் அவளுக்கு முதுகு காட்டி நிற்பதில்லை.