ஒவ்வொன்றாக எடுத்தவர்

அன்று சிவகாசியில் அந்த மொபைல் கடைக்குள் இருந்தவர்கள் மூன்று பேர்: கடைக்காரர், நான், சார்ஜர் வாங்க வந்த ஓர் அக்கா. நான் லோடு வண்டி ஓட்டுகிறவன். போனைத் தயாரித்த கம்பெனியே ஏற்றி அனுப்பிய வேண்டாத ஆப்கள் இடத்தை அடைத்துக்கொண்டதால், யாராவது அழைத்தாலே போன் ஹேங் ஆகிவிடும். பட்டாசு சீசனில் போனை எடுக்காவிட்டால் லோடு அடுத்த வண்டிக்குப் போய்விடும்.

கடைக்காரர் ஒல்லியான மனிதர். கண்ணாடியை ரப்பர் பேண்டால் கட்டியிருந்தார். உட்காருமுன் வாசலில் அடித்திருந்த செம்புத் தகட்டைத் தொட்டார், உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்கட்டும் என்று பட்டாசு அறைக்குள் நுழைகிறவர்கள் தொடுவார்களே, அப்படி. போனைக் கம்ப்யூட்டரில் மாட்டி ஓர் ஆப்பை எடுத்தார். போனை அணைத்து, மறுபடி ஆன் செய்து, என் நம்பரை அழைத்தார். மணி அடித்த பிறகுதான் அடுத்தது.

“மொத்தமா எடுத்துர முடியாதாண்ணே?” என்றேன். ஒவ்வொரு தடவை அணைக்கும்போதும் போன் செத்துவிடுமோ என்று எட்டி எட்டிப் பார்த்தேன்.

“மொத்தமா எடுத்து அது செத்துச்சுன்னா, எதை எடுத்ததால செத்துச்சுன்னு எப்படித் தெரியும்? ஏன் பதறுறீக?”

“போனுக்கு முன்னாடி இவுக ஹேங் ஆயிருவாக போல!” என்று அக்கா சிரித்தார்.

பதினொன்றை எடுத்தவர் பன்னிரண்டாவதில் நிறுத்தினார்.

“இது என்ன வேலை பாக்குதுன்னு எனக்குத் தெரியல. தெரியாததத் தொட மாட்டேன். இருந்துட்டுப் போகட்டும்.”

தெரியாது என்று சொன்னபோதும் அவர் குரல் இறங்கவில்லை.

கடையை விட்டு இறங்குவதற்குள் அச்சங்குளத்திலிருந்து லோடுக்கு அழைத்தார்கள். முதல் மணியிலேயே எடுத்தேன்.

அந்தப் பன்னிரண்டாவது ஆப் இன்னும் போனில் இருக்கிறது. எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன் நான். அதைப் பார்க்கும்போது மட்டும் ஏனோ பயம் வருவதில்லை.