இரண்டு சட்டிச் சுண்டல்

மலேசியாவில் லிங்கி பக்கம் எங்கள் எஸ்டேட்டை வெட்டி வீடு கட்டினார்கள். அந்தத் தாமான் குடியிருப்பில்தான் இப்போது குடியிருக்கிறோம். எங்கள் வரிசையில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோரும் உண்டு. போன வருஷம் கோயில் ஒலிபெருக்கியால் ஒரு மனஸ்தாபம் வந்தது. அதன்பிறகு மாதம் ஒரு ஞாயிறு யார் வீட்டிலாவது கூடி மனம் விட்டுப் பேசலாம் என்றார்கள். வீடு கொடுக்க யாரும் முன்வரவில்லை. முருகன்மேல் பாரத்தைப் போட்டு நான் சரி என்றேன்.

சாயங்காலம் கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போடுவேன். நான் லாரி ஓட்டிப் பிழைத்தவன், பேசத் தெரியாது. மற்றவர்கள் பேசுவார்கள், நான் தேத்தண்ணீரும் கடலைச் சுண்டலும் கொடுப்பேன். பக்கத்து வீட்டு மலாய் முஸ்லிம் அம்மாவை, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுபவரை, நினைத்து, மாமிசமே படாத புதுச் சட்டியும் தட்டும் வாங்கி வைத்திருந்தேன். நாலு மாதமும் அந்தம்மா இரண்டு தட்டு சாப்பிட்டார். ஒலிபெருக்கி தன் பேத்தியின் தூக்கத்தைக் கெடுத்ததை முதலில் எடுத்துச் சொன்னவரும் அவர்தான். அவர் வராவிட்டால் அந்தக் கூட்டமே கிடையாது.

ஐந்தாவது மாதம், எஸ்டேட்டிலேயே பிறந்து நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசும் ஹார்ட்வேர் கடைச் சீனர், சுண்டலில் என்ன போடுகிறாய் என்று கேட்டார். சாமிக்குப் படைத்துவிட்டுத்தானே உங்களுக்குத் தருகிறோம், அந்த ருசிதான் என்று எல்லோருக்கும் புரியட்டுமென மலாயிலேயே பெருமையாகச் சொன்னேன். எங்கள் வீட்டில் படைக்காத எதையும் யாருக்கும் கொடுத்ததில்லை.

மக்சிக் தட்டை மெதுவாக நாற்காலிக்கு அடியில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விட்டார்.

அடுத்த சில நாள் அவர் வாசல் கேட் சாத்தியே இருந்தது. மனசு கேட்காமல் போய்க் கூப்பிட்டேன். கோபமில்லை என்றார். பிறகு மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: "தெரியாம சாப்பிட்டத கடவுள் மன்னிச்சிடுவாரு அண்ணே. சாமிக்குப் படைச்சத நாங்க தெரிஞ்சு சாப்பிட முடியாதுலா. முன்னாடியே ஏன் சொல்லல?"

அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தெரியாது. மரியாதை என்று நினைத்துச் செய்தது அவருக்குப் பாவமாகப் போயிருக்கிறது. இனி வருவீர்களா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

வீட்டில் சொன்னதும் என் மனைவி, "சாமிய ஒதுக்கி வெச்சிட்டு எப்படிங்க வந்தவங்களுக்குப் போடறது?" என்றாள். அவள் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது. கடைசியில் இரண்டு சட்டி வைத்தோம். ஒன்று படைத்தது, ஒன்று படைக்காதது என்று மக்சிக்கிடமும் போய்ச் சொன்னேன். படைக்காததைத் தனி அடுப்பில் செய்யும்போது எனக்கே கை கூசியது.

அந்த ஞாயிறு மக்சிக் வந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. படைக்காதது எது என்று நேராகக் கேட்டார். காட்டினேன். தானே அள்ளிக்கொண்டு உட்கார்ந்தார்.

அடுத்துச் சீனர் எழுந்தார். அவரும் படைக்காத அந்தச் சட்டியிலேயே கரண்டியை விட்டார். அவர் வீட்டிலும் தாத்தா படத்துக்கு வைத்துத்தான் சாப்பிடுவார்கள், படைத்தது அவருக்குப் பிரச்சினையே இல்லை. பிறகு நம்ம தமிழாட்களும் ஒவ்வொருவராக அதிலேயே எடுத்தார்கள். சாமி சட்டியை யாரும் தொடவில்லை.

நீங்கள் ஏன் படைத்ததை எடுக்கவில்லை என்று சீனரை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அந்தம்மா தனியா சாப்பிடறாங்கல்ல, நல்லா இருக்காது. நீ ஏன்யா மூஞ்சத் தூக்கி வெச்சிருக்க? முருகன் கோச்சுக்குவாரா?"

அன்று பேச்சு நன்றாகவே நடந்தது. மக்சிக் சிரித்தார். நான் கேட்டுக்கொண்டது அதைத்தான், முருகன் கொடுத்துவிட்டான். ஆனாலும் பிரசாதம் மூடி திறக்காமலே இருந்தது. எந்தச் சட்டியிலும் நான் எடுக்கவில்லை.

நாளை மறுபடி கூட்டம். எந்தச் சட்டிக்கு எவ்வளவு கடலை ஊற வைக்க என்று மனைவி காலையிலிருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டாள். நான் இன்னும் சொல்லவில்லை.