கசினோ பஸ்ஸில் போய் டிராமில் திரும்பிய இருவர்

தொண்ணூறுகளின் கடைசியில், மெல்பேர்னில், ஒரு புதன்கிழமை நடந்த விஷயம் இது. எங்கள் ஊர்த் தமிழ் மூத்தோர் சங்கம் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கசினோவுக்கு ஒரு பஸ் விட்டது. மூத்தோர் வயது இல்லாவிட்டாலும், சங்க வேலைகளுக்குக் கைகொடுக்கிறவனாக அந்த பஸ்ஸில் நானும் போனேன். திரும்பி வரும்போது அதில் இல்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் குதிரை ரேஸில் பந்தயம் கட்டுகிறவன். மாதத்தில் ஒரு நாள், சில மாதம் இரண்டு நாள். இதை மறைத்ததும் இல்லை, பெருமையாகச் சொல்லித் திரிந்ததும் இல்லை. யாழ்ப்பாணத்தில் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். இங்கே வந்து டயர் தொழிற்சாலையில் வேலை செய்தபோது, பக்கத்து மெஷினில் நின்ற கிரேக்கக்காரர்தான் என்னை ரேஸ் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு சங்கத்தில் என்னைக் குதிரைக்காரன் என்றுதான் சொல்லுவார்கள். என் காதில் விழுகிற மாதிரியே சொல்லுவார்கள்.

ஆனால் என்னைப் போல ஒரு பயந்தாங்கொள்ளிச் சூதாடியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வீட்டைப் பூட்டிவிட்டு, பூட்டினேனா என்று பார்க்கத் திரும்பிப் போகிறவன் நான். ரேஸுக்குப் போகும்போது வீட்டுக் காசை மனைவியிடம் கொடுத்துவிட்டு, தோற்றால் பரவாயில்லை என்கிற அளவு மட்டும் சட்டைப் பையில் கொண்டுபோவேன். அது முடிந்தால் குதிரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அதுவும் நல்லாகத்தான் இருக்கும்.

சங்கத்துச் செயலாளர் கொழும்பில் பெரிய கணக்காளராக இருந்தவர். அவர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். கசினோவுக்கு பஸ் போகிறது, சாப்பாட்டுக்குக் கூப்பன் தருகிறார்கள், அங்கே ரேஸ் பார்க்கவும் தனி இடம் இருக்கிறது என்றார். "பெரிய திரை, மெத்தைக் கதிரை, ஏசி. உம்முடைய மைதானத்தில வெயிலுக்கையும் மழைக்கையும் நிக்க வேணும். வயசு போனவைக்கு எது வசதி எண்டு நீரே வந்து பார்த்துச் சொல்லும். உமக்குத்தானே அனுபவம்" என்றார்.

பாராட்டுகிறாரா நக்கலடிக்கிறாரா என்று விளங்கவில்லை. ஆனாலும் அந்தக் கிழமை எனக்கு லீவு. போனேன்.

பஸ்ஸில் என் பக்கத்தில் ஓர் அங்கிள் இருந்தார். எழுபதைத் தாண்டியவர், மனைவி இல்லை, மகளோடு இருப்பவர். கொழும்பில் தபால் கந்தோரில் கிளார்க்காக இருந்த காலத்தில், வேலை முடிந்து வரும் வழியில் புக்கி கடையில் பந்தயம் கட்டுவாராம். இலங்கையில் புக்கி என்றால் தெரியுந்தானே? இங்கிலாந்தில் ஓடுகிற குதிரைக்குக் கொழும்பில் ஒரு சின்னக் கடையில் காசு கட்டுவது. பெயர்களைத் தாளில் பார்ப்பது, முடிவை வானொலியில் கேட்பது. "தம்பி, இருவது வருஷம் விளையாடினனான். ஒரு குதிரை ஓடி நான் கண்ணால காணேல்லை" என்று சிரித்தார். பிறகு தன் முறையைச் சொன்னார். ஒரு ரேஸுக்கு ஒரே ஒரு பந்தயம். வெற்றியோ தோல்வியோ, அடுத்த ரேஸுக்குத்தான் அடுத்தது. "அந்தக் கட்டுப்பாட்டாலதான் நான் அழியேல்லை" என்றார். நல்ல முறைதான் என்று நானும் தலையாட்டினேன்.

கசினோவில் அந்த ரேஸ் இடம் செயலாளர் சொன்ன மாதிரியேதான் இருந்தது. சுவர் முழுக்கத் திரைகள். கதிரையில் இருந்தால் முதுகு அப்படியே புதைந்து போகும். ஜன்னல் இல்லை. கவுண்டர் பத்தடி தூரத்தில். அங்கிள் சந்தோஷமாக உட்கார்ந்து, கொழும்பில் போலவே ஒரு ரேஸுக்கு ஒன்று என்று தொடங்கினார்.

கொழும்பில் அந்தத் தாள் முடிந்தால் அன்றைய ரேஸ் முடிந்தது. கடைக்காரனும் பூட்டிவிடுவான். இங்கே தாள் முடியவில்லை. மெல்பேர்ன் ரேஸ் முடிந்து மூச்சு விடுவதற்குள் பிரிஸ்பேன், அடுத்தது அடிலெய்ட், நடுவில் நாய் ரேஸ், வண்டி பூட்டின குதிரை ரேஸ், பிறகு நான் பெயரே கேள்விப்படாத ஏதோ நாட்டுப்புற ஊர். அங்கிள் தன் கட்டுப்பாட்டை ஒரு தடவைகூட மீறவில்லை. ஒரு ரேஸுக்கு ஒன்றுதான். ரேஸ்தான் நிற்கவில்லை.

மற்றவர்கள் கூப்பனோடு சாப்பிடப் போனார்கள். அங்கிள் எழும்பவில்லை. சீனி வருத்தக்காரர் அவர், சர்க்கரை நோய்க்குச் சாப்பாட்டோடு குளிசை போட வேண்டும் என்று பஸ்ஸில் அவரே சொல்லியிருந்தார். நினைவுபடுத்தினேன். "இந்த ஒண்டு முடியட்டும் தம்பி." அது முடிந்தது, அடுத்தது வந்தது. முதல் நாள்தான் பென்ஷன் எடுத்திருக்கிறார். அந்த உறையை மடியிலேயே வைத்திருந்தார். அவருடைய விரல்கள் நடுங்குவதைக் கண்டேன். பசியா, பதற்றமா என்று தெரியவில்லை. இவர் இங்கே மயங்கி விழுந்தால் என்ன செய்வது, மகளுக்கு என்ன சொல்வது, பஸ் வர இன்னும் எவ்வளவு நேரம். பஸ் பின்னேரம்தான் வரும்.

செயலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் காசு போட்டு விளையாடுகிற மெஷினுக்கு முன்னால் இருந்தார், திரும்பவே இல்லை. "பெரிய மனுசர் அவர். சந்தோஷமா இருக்கட்டும் விடும்" என்றார்.

திரும்பி வந்து, அங்கிள் எழும்புங்கோ, சாப்பிடுவம் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

"நீர் விளையாடலாம், நான் விளையாடக்கூடாதோ? குதிரைக்காரன் எனக்குப் புத்தி சொல்ல வந்திட்டார்."

அடி சரியான இடத்தில்தான் விழுந்தது. பிறகு எனக்கே தெரியாமல் ஒரு கோபம் வந்தது, அவர் மேல் இல்லை, அந்தக் கதிரையின் மேல். "விளையாடலாம் அங்கிள். ஆரு வேண்டாமெண்டது? இஞ்ச வேண்டாம். வாங்கோ, உண்மையான குதிரை காட்டுறன்" என்று சொல்லி, வயதுக்கு மூத்தவர் என்றும் பாராமல் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் திட்டிக்கொண்டே வந்தார். வாசலில் நின்ற சங்கத்து அன்ரி ஒருவரிடம், நாங்கள் ரேஸ் மைதானத்துக்குப் போகிறோம், எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம், செயலாளரிடம் சொல்லுங்கோ என்றேன். ஓம், ஓம் என்றார்.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. ஜன்னல் இல்லாத அந்த இடத்தில் இருந்தபோது, வெளியே மழை பெய்கிறது என்று நினைத்தாராம் அங்கிள். முதலில் ஒரு சாண்ட்விச் வாங்கிக் கொடுத்து, குளிசையைப் போட வைத்தேன். அதற்குப் பிறகுதான் டிராம்.

புதன்கிழமை என்பதால் மைதானத்தில் கூட்டம் இல்லை. மூன்று ரேஸ்தான் மிச்சம் இருந்தது. ஓடுவதற்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டுகிற வட்டத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கிள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு கறுப்புக் குதிரை எங்களுக்குக் கைநீட்டும் தூரத்தில் போனது. கழுத்தில் வேர்வை நுரைத்திருந்தது. "தம்பி, இது மூச்சு விடுற சத்தம் கேக்குது" என்றார். அது சுற்றி மறுபடி வரும்வரை அவர் வேலியை விடவில்லை.

பிறகு பந்தயக் காசு வாங்குகிற ஆட்களான புக்கிகள் நிற்கிற இடம். குடைக்குக் கீழே ஒவ்வொருவரும் தன் பலகையில் விலை போட்டு வைத்திருப்பார்கள், குதிரை வென்றால் ஒரு டாலருக்கு எவ்வளவு தருவார்கள் என்று. ஒரே குதிரைக்கு இவரிடம் ஒரு விலை, அடுத்தவரிடம் வேறு விலை. நடந்து நடந்து பார்த்து, நல்ல விலை தருகிறவரிடம் கட்ட வேண்டும். நீங்கள் கட்டின விலை துண்டுச் சீட்டில் எழுதப்பட்டுவிடும், பிறகு அது மாறாது. கசினோவில் கட்டினது எல்லாருடைய காசோடும் ஒன்றாகப் போய்ச் சேருகிற முறை. குதிரை ஓடத் தொடங்கும்வரை விலை ஆடிக்கொண்டே இருக்கும், என்ன கிடைக்கும் என்று கட்டுகிற ஆளுக்குத் தெரியாது. என்னைப் போலக் கவலைக்காரனுக்கு அது சரிவராது.

அங்கிள் பலகை பலகையாகப் போய்ப் பார்த்தார். ஒரு கிழட்டுப் புக்கியிடம் தன் பழைய கந்தோர் இங்கிலீஷில் பேரம்கூடப் பேசினார். அந்த ஆள் சிரித்து, சின்னப்பையா உனக்காக மாற்ற மாட்டேன் என்றான். சின்னப்பையன் என்று கூப்பிட்டது அங்கிளுக்குப் பிடித்துப்போயிற்று.

ஒரு ரேஸுக்கும் அடுத்ததற்கும் இடையில் அரைமணித்தியாலத்துக்கு மேல் இருக்கும். அந்த நேரத்தில் நடந்தோம், தண்ணீர் குடித்தோம், கால் உளைந்தது, புல்லில் இருந்தோம். செயலாளர் குறையாகச் சொன்னதெல்லாம் இதுதான். வெயில், நடை, நிற்பது, காத்திருப்பது. அந்தக் குறைகள்தான் மனிதனைக் காப்பாற்றுகின்றன என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. கால் உளைந்தால் வீட்டு நினைப்பு வரும். மெத்தைக் கதிரையில் வராது.

அங்கிள் வெல்லவில்லை. நானும் வெல்லவில்லை. கடைசி ரேஸ் முடிந்ததும் புக்கிகள் பலகையைக் கழற்றி, குடையை மடக்கினார்கள். "இனி?" என்று கேட்டார். "இனி இல்லை அங்கிள். வீடுதான்." "அதுவும் சரிதான்" என்று எழும்பி மண்ணைத் தட்டினார். அவருடைய பென்ஷன் உறையில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.

கசினோவில் அந்த அன்ரி மெஷினில் மூழ்கி, சொல்ல மறந்துவிட்டார். பஸ் எங்களுக்காகக் காத்து நின்று, காவலாளிகள் தேடி, மகளுக்கு டெலிபோன் போய், பெரிய அமளி. அடுத்த ஞாயிறு சங்கக் கூட்டத்தில் என்னை எழுப்பி நிறுத்தினார்கள். தலைவர், செயலாளர் எல்லாரும் முன்னால். சங்கத்தின் பொறுப்பில் வந்த ஒரு முதியவரைச் சூதாட்டத்துக்குக் கூட்டிப் போய்விட்டேன், எல்லாருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார் செயலாளர்.

என் முழங்கால் நடுங்கியது. படித்தவர்கள் முன்னால் எனக்கு நாக்கு புரளாது. அன்றைக்கும் திக்கித்தான் கதைத்தேன். "அண்டைக்கு நாங்கள் எல்லாரும் எங்க போனனாங்கள்?" என்று கேட்டேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். அது சுற்றுலா என்றார் தலைவர். இப்போது நிறையப் பேர் சிரித்தார்கள்.

"பஸ் காத்து நிண்டதுக்கு வருத்தம். நானே செயலாளரிட்டச் சொல்லியிருக்க வேணும். ஆனா அங்கிளைக் கூட்டிக்கொண்டு போனதுக்கு நான் மன்னிப்புக் கேக்க மாட்டன். நாளைக்கும் கூட்டிக்கொண்டுதான் போவன்" என்றேன்.

தலைவர் அங்கிளைப் பார்த்து, இவர் உங்களைக் கட்டாயப்படுத்தினவரோ என்று கேட்டார். அங்கிள் எழும்பினார். பக்கத்தில் மகள் முறைத்துக்கொண்டிருந்தார்.

"ஓம். கையைப் பிடிச்சு இழுத்தவர். இழுக்காட்டி நான் எழும்பியிருக்க மாட்டன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அங்கிளின் மகள் அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. கசினோ பஸ் தொடர்ந்து போய்க்கொண்டுதான் இருந்தது. என் பெயரைச் சங்கத்தில் எந்த வேலைக்கும் போடவில்லை. ரேஸ் மைதானத்திலும் அழிந்தவர்கள் இருக்கிறார்கள், அதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் பயம் இல்லாதவன்தான் எதிர்த்து நிற்க முடியும் என்று நான் அதுவரை நம்பியிருந்தேன். முழங்கால் நடுங்க நடுங்கவும் ஒரு மனிதன் மாட்டேன் என்று சொல்லலாம் என்பதை அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காட்டித் தந்தது, இன்றைக்கும் எங்காவது வாயை மூடிக்கொண்டு இருக்கத் தோன்றும்போது அதுதான் என்னை எழுப்பிவிடுகிறது.